சிப்பாய் சொன்னது எவ்வளவு நிஜம்?

வாசகர் கேள்வி – பதில்

இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட சாதாரண ஜெர்மன் சிப்பாய்களின் நினைவுக் குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கடிதங்கள். ஓசூரில் ஒரு வாசகர் வட்டம் மாதம் ஒரு போர்ப் புத்தகம் என்று படித்து வருகிறதாம், அதுதான் காரணம்போல. இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

*

எங்கள் வட்டத்தில் ‘மறக்கப்பட்ட சிப்பாய்’ புத்தகத்தை ஆங்கிலத்தில் படித்தோம். பாதிப் பேர் கண்கலங்கினார்கள். மீதிப் பேர் அது கட்டுக்கதை என்கிறார்கள். சட்டைக் கைப்பட்டையை வைத்தே பொய் என்று நிரூபித்துவிட்டார்களாமே?
— வாசகர் வட்டம், ஓசூர்

நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்வது அதிகம். நடந்தது இதுதான். 1967இல் பிரெஞ்சிலும் 1971இல் ஆங்கிலத்திலும் வந்த அந்தப் புத்தகத்தை எழுதியவர் கீ சாஜெர் என்ற பெயரில் ஒளிந்திருந்த கீ மூமினூ. பிரான்சில் சித்திரக்கதை வரைந்து பிழைத்தவர், 2022இல் காலமானார். ‘கிராஸ்டாய்ச்லாண்ட்’ என்ற பேர்போன ராணுவ டிவிஷனில் இருந்ததாக எழுதுகிறார். அந்த டிவிஷன்காரர்கள் பெயர் பொறித்த துணிப்பட்டையை வலது கையில் தைத்துக்கொண்டார்கள். இடது கையில் தைத்தது எஸ்.எஸ். என்ற நாஜிக் கட்சிப் படைக்காரர்கள். சாஜெர் இடது கை என்று எழுதிவிட்டார். 1990களில் அமெரிக்க ராணுவ வரலாற்றாசிரியர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். சாஜெர் பெயர் சொல்லும் கம்பெனித் தலைவர் டிவிஷன் பட்டியல்களில் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இன்னொருவர் பட்டியல்களே முழுமையானவை அல்ல என்று மறுத்தார். சாஜெர் தன் பங்குக்கு, தேதியும் யூனிட்டும் சரிபார்க்கும் வரலாற்று நூலாகத் தான் அதை எழுதவே இல்லை, பட்டதைச் சொன்னேன் என்று பதில் போட்டார்.

எங்கள் தீர்ப்பு: குளிர், பசி, வயிற்றுப்போக்கு, பயம் ஆகியவற்றுக்கு அந்தப் புத்தகத்தைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். எந்த நாளில் எந்த யூனிட் எங்கே நின்றது என்பதற்கு அதை மேற்கோள் காட்டக் கூடாது. கைப்பட்டைப் பிழை ஒன்றைக் கொண்டு ஆளே போருக்குப் போகவில்லை என்று முடிவு கட்டவும் முடியாது.

இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று இருக்கிறது. சிப்பாய்க்குத் தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போனதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். தெரிந்திருக்கவே முடியாதது தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதுங்குகுழியில் கிடந்த ஒருவனுக்குப் பக்கத்துக் கம்பெனி எங்கே என்பதே பல நாள் தெரியாது. அவன் ‘அன்று எங்கள் படைத்தொகுதிக்கு வடக்கே இன்ன ரஷ்ய ராணுவத்தின் இன்ன டாங்கிப் படை ஊடுருவியது’ என்று எழுதினால், அது பின்னாளில் அச்சான டிவிஷன் வரலாற்றைப் பார்த்து எழுதியது. அந்தப் பத்தியைச் சாட்சியத்திலிருந்து கழித்துவிடுங்கள். ஒரு பிழையும் இல்லாத சிப்பாய்ப் புத்தகத்தைக் கண்டால்தான் எங்களுக்குச் சந்தேகம் அதிகம்.

*

நான் இந்திய ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் சர்வீஸில் எந்த வருடம் எந்த போஸ்டிங் என்று சர்வீஸ் புத்தகத்தைப் பார்க்காமல் எனக்கே சொல்ல வராது. ஜெர்மன்காரனிடம் மட்டும் தேதி கேட்பது நியாயமா, ஐயா?
— முன்னாள் படைவீரர், பாலக்கோடு

நியாயமான கேள்வி. தேதியை யாரும் மனப்பாடமாகக் கேட்கவில்லை. எதைப் பார்த்து எழுதினார் என்பதுதான் கேள்வி. அன்றன்று எழுதிய நோட்டா, வீட்டுக்குப் போட்ட கடிதமா, வெறும் நினைவா? முன்னுரையில் இதைச் சொல்லாத புத்தகத்தை நினைவிலிருந்து எழுதியது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டிலிருந்து புத்தகத்துக்கு வரும்போது என்ன மாறுகிறது என்பதற்கு முதல் உலகப் போரில் நல்ல உதாரணம் உண்டு. எர்ன்ஸ்ட் யூங்கர் போர்முனையில் எழுதிய நோட்டுகளை வைத்து 1920இல் புத்தகம் போட்டார். பிறகு அதைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1924 பதிப்பில் தேசவெறி ஏறியது, 1934 பதிப்பில் இறங்கியது. மூல நோட்டுகள் 2010இல் அச்சாகிவிட்டதால் இப்போது பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம். நடந்த சம்பவம் பெரும்பாலும் அதேதான். அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் வாக்கியம்தான் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது.

வெறும் நினைவுக்கு இன்னொரு உதாரணம், கேட்டால் கதைபோல இருக்கும். ஸ்டாலின்கிராடில் பிடிபட்ட ஹைன்ரிக் கெர்லாக் என்ற அதிகாரி சோவியத் முகாமில் ஒரு நாவல் எழுதி முடித்தார். விடுதலைக்குச் சற்று முன் கையெழுத்துப் பிரதியைப் பறித்துக்கொண்டார்கள். 1950இல் ஊர் திரும்பியவர் மறந்துபோனதை மீட்க ஒரு டாக்டரிடம் போய் ஹிப்னாசிஸ் செய்துகொண்டார். சில பகுதிகள் திரும்பின, மற்றதைப் புதிதாக எழுதி 1957இல் வெளியிட்டார். பறிபோன மூலப் பிரதி 2012இல் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டு 2016இல் அச்சானது. ஒரே மனிதர், ஒரே அனுபவம், இரண்டு புத்தகம். நாவல்தான் என்றாலும் நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

தேதி தவறினாலும் பருவம் அவ்வளவாகத் தவறாது. நவம்பரா டிசம்பரா என்று மறக்கலாம், சேற்றிலா பனியிலா என்று மறக்காது. ரஷ்யாவில் சேறு வருடத்துக்கு இரண்டு முறை, அக்டோபரை ஒட்டி ஒன்று, மார்ச்–ஏப்ரலில் ஒன்று. ஆகவே வண்டி சேற்றில் புதைந்த கதை ஜனவரியில் வந்தால் தேதியைத் திருத்துங்கள், கதையைத் தள்ளாதீர்கள். ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். கார்கோவ் நகருக்காக 1941 அக்டோபர், 1942 மே, 1943 பிப்ரவரி–மார்ச், 1943 ஆகஸ்ட் என்று நான்கு முறை சண்டை நடந்தது. ‘கார்கோவில் இருந்தேன்’ என்றால் எந்த கார்கோவ்? இவானோவ்கா என்ற பெயரில் உக்ரைனில் உள்ள கிராமங்களுக்குக் கணக்கே இல்லை. புதூரும் கொட்டாயும் நிறைந்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

*

நினைவுக் குறிப்புதானே பிந்தி எழுதுவது? போர் நடந்தபோதே எழுதிய கடிதங்களை அப்படியே நம்பலாம் அல்லவா?
— கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்

தேதிக்கு நம்பலாம். மனத்துக்கு அவ்வளவு நம்ப முடியாது.

ஜெர்மன் களத் தபாலில் போர்க்காலம் முழுவதும் போய்வந்தவை 3,000 முதல் 4,000 கோடி உருப்படிகள் என்பது மதிப்பீடு. சாதாரணக் கடிதத்துக்குத் தபால் செலவு இல்லை. முகவரியில் ஊர் இருக்காது, 5 இலக்கக் களத் தபால் எண் மட்டும் இருக்கும். அத்தனை கடிதத்தையும் யாராலும் பிரித்துப் படிக்க முடியாது. தணிக்கை நிலையங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துப் பார்த்தன. ஆனால் எதைப் பிரிப்பார்கள் என்று தெரியாததால் எல்லோரும் பயந்தே எழுதினார்கள். இடம், யூனிட், இழப்பு எழுதக் கூடாது. ‘போரில் தோற்போம்’ என்று எழுதினால் படையின் மன உறுதியைக் குலைத்த குற்றம், அதற்கு மரண தண்டனை வரை இருந்தது.

இன்னொரு தணிக்கை மனதுக்குள் நடப்பது. அம்மாவுக்கு எழுதும் பையன் ‘நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே’ என்றுதான் எழுதுவான். அதே வாரம் நண்பனுக்குப் போட்ட கடிதம் கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

‘ஸ்டாலின்கிராடின் கடைசிக் கடிதங்கள்’ என்று 1950இல் ஒரு சிறு தொகுப்பு வந்தது. 39 கடிதங்கள், எழுதியவர் பெயரும் இல்லை, தபால் எண்ணும் இல்லை. பல மொழிகளுக்குப் போய் உலகத்தையே உருக வைத்தது. இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதை இட்டுக்கட்டியது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 39 பேரும் ஒரே எழுத்தாளரைப்போல அழகாக எழுதுகிறார்கள் என்பதே படிக்கும்போது உறுத்த வேண்டிய விஷயம்.

கடிதத்திலும் சொல்லாததை அவர்கள் எங்கே பேசினார்கள் தெரியுமா? சிறைபிடித்த ஜெர்மானியர்களை லண்டனை ஒட்டிய சில பங்களாக்களில் அடைத்து, அறைக்குள் மைக் ஒளித்து வைத்து பிரிட்டிஷார் ஒட்டுக் கேட்டார்கள். அமெரிக்கர்களும் வர்ஜீனியாவில் அதையே செய்தார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 1,50,000 பக்கம். அதை வைத்து நைட்செல், வெல்ட்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சக கைதியிடம் பேசும்போது தணிக்கையும் இல்லை, அம்மாவும் இல்லை. வீண் ஜம்பம் நிறைய உண்டு, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நினைவுக் குறிப்புகளில் காணவே கிடைக்காத கொலைகள் அங்கே சர்வ சாதாரணமாகப் பேச்சில் வருகின்றன.

*

எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் டைகர் டாங்கி வருகிறதே! நிஜமாகவே அத்தனை இருந்தனவா?
— பொறியியல் மாணவர், பர்கூர்

இல்லை தம்பி. முதல் வகை டைகர் 1,300 சொச்சம், இரண்டாம் வகை 500க்கும் குறைவு, போர் முழுவதற்கும் அவ்வளவுதான். நான்காம் வகை பான்சர் என்ற டாங்கியை 8,000க்கு மேல் செய்தார்கள். 1943இல் அதற்குப் பக்கவாட்டுத் தகடுகளை மாட்டியதும் தூரத்திலிருந்து பார்த்தால் டைகர்போலவே சதுரமாகத் தெரிந்தது. எதிரே நின்றவர்கள் எல்லாவற்றையும் டைகர் என்றார்கள். பிறகு நினைவு எழுதிய ஜெர்மானியர்களில் சிலருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆயுதங்கள் வந்த தேதி உங்களுக்குக் கைகொடுக்கும், ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டாலின் ஆர்கன்’ என்று ஜெர்மானியர் பயந்த கட்யூஷா ராக்கெட் முதலில் முழங்கியது 1941 ஜூலை. டைகர் முதலில் களம் கண்டது 1942 ஆகஸ்ட் கடைசியில், லெனின்கிராட் பக்கம். பாந்தர் 1943 ஜூலை, கூர்ஸ்க். டாங்கியை உடைக்க ஒரே ஆள் தூக்கிச் சுடும் பான்சர்ஃபாஸ்ட் 1943இன் பிற்பகுதி. பெரிய பீரங்கி பொருத்திய டி-34/85 1944 தொடக்கம். பதக்கத்துக்கும் இப்படித் தேதி உண்டு. 1941–42 குளிர்காலத்துக்கான கிழக்குமுனைப் பதக்கத்தை ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’ என்று சிப்பாய்களே கிண்டல் செய்தார்கள். அதை ஏற்படுத்தியதே 1942 மே மாதம். அந்தக் குளிர்காலத்திலேயே அதைக் குத்திக்கொண்டு நிற்கும் கதாநாயகன் எங்கிருந்து வாங்கினான்?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் சிப்பாய் தன் சப்-மெஷின் துப்பாக்கியை ‘ஷ்மைசர்’ என்று சொன்னால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். அது எதிரணியினர் வைத்த பெயர். ஜெர்மானியர்கள் எம்.பி. என்றே சொன்னார்கள், ஷ்மைசர் அதை வடிவமைத்தவரும் அல்ல. பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் வாசகருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மாற்றியிருப்பார். குற்றம் சாட்டுமுன் ஜெர்மன் மூலத்தில் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

1957 முதல் 2013 வரை ஜெர்மனியில் ‘டேர் லான்சர்’ என்று ஒரு மலிவு விலைப் போர்க்கதை இதழ் வந்துகொண்டிருந்தது. லான்சர் என்றால் சாதாரணச் சிப்பாய். எண்பது வயதில் பேனா எடுத்தவர்கள் அதுபோன்ற இதழ்கள் உலவிய ஊரில் வாழ்ந்தவர்கள். வசனம் சினிமாபோல விறுவிறுப்பாக ஓடினால் அதையும் நினைவில் வையுங்கள்.

*

‘மேற்கு முனையில் எல்லாம் அமைதி’ ரெமார்க்கின் சொந்த அனுபவமா?
— நூலக உறுப்பினர், ஊத்தங்கரை

அது நாவல். ரெமார்க் போர்முனைக்குப் போனது 1917 ஜூன், குண்டுச் சிதறல் பட்டு விழுந்தது ஜூலை 31. பிறகு மருத்துவமனை வாசம். அங்கே காயம்பட்டவர்கள் சொல்லக் கேட்டதும் நாவலில் கலந்திருக்கிறது. பதிப்பகம்தான் அனுபவக் கதை என்று விளம்பரப்படுத்தி விற்றது.

*

நான் படித்த ஏழெட்டுப் புத்தகங்களிலும் சிப்பாய் நல்லவன், அவன் நண்பர்கள் நல்லவர்கள், கெட்டதெல்லாம் எஸ்.எஸ்.காரர்கள் செய்தது. ஒரு ராணுவத்தில் அத்தனை பேருமா நல்லவர்களாக இருந்திருப்பார்கள்?
— வரலாற்று ஆசிரியை, பென்னாகரம்

இந்த மாதத்தின் முக்கியமான கேள்வி இதுதான். கைப்பட்டையும் டைகரும் இதற்குப் பக்கத்தில் சில்லறை விஷயம்.

இந்தக் கதைக்கு ஒரு பிறந்த தேதி இருக்கிறது என்றே சொல்லலாம். போர் முடிந்ததும் அமெரிக்கப் பகுதியில் இருந்த ஜெர்மானியர்கள் 131 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பித் தங்கள் நாஜித் தொடர்பைச் சொல்ல வேண்டியிருந்தது. ‘இவர் நல்லவர்’ என்று தெரிந்தவர்கள் எழுதிக்கொடுத்த சான்றிதழுக்கு மக்கள் பெர்சில் சீட்டு என்று பேர் வைத்தார்கள். பெர்சில் என்பது துணி துவைக்கும் சோப்புத்தூள். அப்போதே பல பேர் தன் கதையை வெளுத்துச் சொல்லப் பழகிவிட்டார்கள். பிறகு பனிப்போர் வந்தது, மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் தேவைப்பட்டது. 1950 அக்டோபரில் ஹிம்மெரோட் மடத்தில் கூடிய பழைய அதிகாரிகள், ஜெர்மன் சிப்பாயை இழிவுபடுத்துவதை நிறுத்தினால்தான் ஒத்துழைப்போம் என்று எழுதிக்கொடுத்தார்கள். 1951 ஜனவரியில் ஐசன்ஹோவரே சாதாரண ஜெர்மன் சிப்பாய்க்கும் ஹிட்லர் கும்பலுக்கும் வித்தியாசம் உண்டு என்று அறிக்கை விட்டார். சிப்பாய் நினைவுக் குறிப்புகளின் முதல் அலை இந்தக் காற்றில்தான் எழுந்தது.

ஆவணம் வேறு சொல்கிறது. சண்டையிடாத பொதுமக்களுக்கு எதிரான குற்றத்துக்குச் சிப்பாய்மேல் வழக்கு கட்டாயமில்லை என்ற உத்தரவு 1941 மே 13, பிடிபடும் சோவியத் கமிசார்களை, அதாவது படையோடு இருந்த அரசியல் அதிகாரிகளை, சுடும் உத்தரவு 1941 ஜூன் 6. இரண்டும் வந்தது ராணுவத் தலைமையிடமிருந்து. ராணுவத்தின் பொறுப்பில் இருந்த முகாம்கள் உட்பட ஜெர்மானியர் கையில் சிக்கிய சுமார் 57 லட்சம் சோவியத் கைதிகளில் 33 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் துப்பாக்கியாலும் செத்தார்கள். 1995 முதல் 1999 வரை ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ராணுவத்தின் குற்றங்களைப் புகைப்படக் கண்காட்சியாக ஊர் ஊராகக் கொண்டுபோனபோது ஜெர்மனியே கொந்தளித்தது. சில படங்களுக்குத் தலைப்பு தவறு என்று கண்டுபிடித்ததும் அதை நிறுத்தி ஒரு வல்லுநர் குழு பரிசோதித்தது. 1,400க்கும் மேற்பட்ட படங்களில் கண்காட்சிக்குப் பொருந்தாதவை 20க்கும் குறைவு. திருத்திய கண்காட்சி 2001இல் மறுபடி புறப்பட்டது.

அப்படியானால் படிக்கும்போது என்ன செய்வது? புத்தகத்தில் வரும் ஊர்ப் பெயரையும் மாதத்தையும் எடுத்து, அங்கே அப்போது யூதர்களுக்கும் கைதிகளுக்கும் என்ன நடந்தது என்று தனியே தேடுங்கள். 1941 செப்டம்பர் கடைசியில் கீயவ் நகரில் இருந்த ஒருவர் சாப்பாட்டையும் தேவாலயத்தையும் மட்டும் வர்ணித்தால், அந்த மாதம் 29, 30 தேதிகளில் பாபி யாரில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றதை நினைவுபடுத்திக்கொண்டு படியுங்கள். அவர் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் காதில் விழுந்திருக்கும். அடுத்து, கிராமத்தை விட்டுப் போகும் இடங்களில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘ஆட்டைக் கொன்றோம்’, ‘அடுப்பு மூட்டினோம்’ என்று எழுதிக்கொண்டே வந்தவர் திடீரென்று ‘கிராமம் எரிந்தது’ என்பார். யார் எரித்தது? எழுவாய் காணாமல் போகும் வரியில்தான் விஷயம் இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

மாறுதலாக ஒன்று: வில்லி பீட்டர் ரீசே என்ற இளைஞர் 1944 தொடக்கத்தில் விடுப்பில் வந்தபோது தன் கையெழுத்துப் பிரதியை உருவாக்கினார். அந்த ஜூனிலேயே வீத்தெப்ஸ்க் பக்கம் மறைந்தார். அச்சானது 2003இல். கொள்ளை, குடி, எரித்த வீடுகள் எல்லாவற்றையும் ‘நாங்கள்’ போட்டே எழுதுகிறார். பெர்சில் சீட்டுக் காலத்தை அவர் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கம் குந்தர் கிராஸ்: நோபல் வாங்கிய எழுத்தாளர், மற்றவர்களின் மௌனத்தைக் காலமெல்லாம் கண்டித்தவர். பதினேழு வயதில் தான் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை 2006இல்தான் வாய் திறந்து சொன்னார்.

*

நம் மாவட்டத்து நடுகற்களும் ஒரு வகையில் போர்வீரன் நினைவுக் குறிப்புதானே?
— தொல்லியல் ஆர்வலர், தருமபுரி

ஒப்பிடலாம், ஆனால் தலைகீழாக. ‘தொறு மீட்டுப் பட்டான்’ (மாட்டு மந்தையை மீட்டு இறந்தான்) என்று அரசன் ஆட்சியாண்டோடு வெட்டிய கல் செத்தவனுக்கு மற்றவர்கள் வைத்தது. நினைவுக் குறிப்பு பிழைத்தவன் தனக்குத் தானே வைத்துக்கொள்வது. கல்லில் ஆண்டும் காரணமும் பெரும்பாலும் இருக்கும், அவன் மனம் இருக்காது. புத்தகத்தில் மனம் நிறைய இருக்கும், ஆண்டுதான் ஆடும். ஜெர்மன் ராணுவத்தில் இறந்தவர்கள் 53 லட்சம் என்பது 1999இல் வந்த ஆய்வின் கணக்கு. அவர்களில் யாரும் முதுமையில் புத்தகம் எழுதவில்லை. ஆக ‘எப்படியோ தப்பினேன்’ என்று முடியும் கதைகளே நம் கைக்கு வருகின்றன.

*

என்னோடு வேலை பார்க்கும் ஜெர்மன் நண்பர் ஒருவர் தாத்தாவின் கையெழுத்து நோட்டையும் ஒரு சின்னப் புத்தகத்தையும் காட்டினார். நிஜமா என்று பார்க்க எங்கே தொடங்குவது?
— தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறோம். லாமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், மங்கிய எழுத்தின்மேல் பேனா ஓட்டாதீர்கள். அட்டை முதல் கடைசி வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், வரிசையாகப் படம் எடுத்து எண் போடுங்கள். மையும் கையெழுத்தும் எந்தப் பக்கத்தில் மாறுகிறது என்று குறியுங்கள். நடுவில் ஒரு சீராக ஒரே மையில் நூறு பக்கம் ஓடினால் அது அன்றன்று எழுதியது அல்ல, பிறகு உட்கார்ந்து படியெடுத்தது. படியெடுத்தது பொய் என்று அர்த்தமில்லை, எப்போது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்து நண்பருக்கே புரியவில்லை என்றால் அது பழைய கூர்முனைக் கையெழுத்தாக இருக்கும். 1941 வரை பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, எழுத்து அட்டவணை வைத்துக்கொண்டு சில வாரத்தில் பழகிவிடலாம்.

அந்தச் சின்னப் புத்தகம் பெரும்பாலும் ‘சோல்ட்பூக்’ எனப்படும் சம்பளப் புத்தகம். சிப்பாய் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்க வேண்டியது. இருந்த யூனிட்டுகள், ரத்த வகை, மருத்துவமனை சேர்ந்த நாள், பதக்கம், விடுப்பு எல்லாம் முத்திரையோடு இருக்கும். ‘வேர்பாஸ்’ என்ற ராணுவச் சேவைப் புத்தகமாகவும் இருக்கலாம். பணிக்காலத்தில் அது சிப்பாயிடம் இருக்காது, யூனிட் அலுவலகம் வைத்திருக்கும்.

இப்போது ஒரு பெரிய தாளில் நான்கு பத்தி போடுங்கள்: நோட்டின் பக்கம், அது சொல்லும் தேதி அல்லது பருவம், ஊர், யூனிட். எதிரே சம்பளப் புத்தகத்தின் பதிவு. காயம்பட்ட தேதிகளும் விடுப்புத் தேதிகளும் ஆணிபோல, முதலில் அவற்றை அடித்துக்கொண்டு மற்றதை இடையில் கோக்க வேண்டும். காயம்பட்டவருக்குத் தரும் சின்னத்திலும் கணக்கு உண்டு: ஒன்றிரண்டு முறைக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்துக்கும் அதற்கு மேலும் தங்கம். கடுங்காயம் ஒன்றுக்கே மேல்நிலை கிடைப்பதும் உண்டு, ஆகவே எண்ணிக்கை இடித்தால் காயத்தின் தன்மையைப் பாருங்கள்.

அடுத்தது பெர்லின். சிப்பாய்களின் அடையாள வில்லைப் பட்டியல், காயம்–இறப்பு அறிக்கைகள் ஆகியவற்றை வைத்திருந்த ‘வாஸ்ட்’ என்ற பழைய அலுவலகம் 2019 ஜனவரி 1 முதல் ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் சரியாகக் கொடுத்துப் பேரன் என்ற முறையில் நண்பரே விண்ணப்பிக்கட்டும். பதில் வரப் பல மாதம் ஆகும், பொறுமை வேண்டும்.

யூனிட் தெரிந்ததும் டிவிஷனின் போர் நாட்குறிப்பைத் தேடுங்கள். மூலம் ஃபிரைபர்க் ராணுவக் காப்பகத்தில் இருக்கும். போருக்குப் பின் அமெரிக்கர்கள் எடுத்த மைக்ரோஃபிலிம் வரிசையில் டிவிஷன்களுக்கு உரியது டி-315. அதில் உங்கள் சிப்பாயின் பெயர் அநேகமாக வராது. வானிலை, தலைமையிடம் இருந்த கிராமம், அன்றைய இழப்பு இவை வரும், நமக்கு அது போதும். 1944, 45க்குப் பல டிவிஷன்களில் ஓட்டை விழும், பின்வாங்கும்போது எரித்தும் தொலைத்தும் போனவை. அங்கே ஒத்துவராவிட்டால் தாத்தாமேல் பழி போடாதீர்கள். நாட்குறிப்பும் வேதவாக்கு அல்ல. மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்து ஸ்டாஃப் அதிகாரி எழுதியது, கிராமத்தில் சுடப்பட்டவர்களையெல்லாம் ‘கொள்ளையர்’ என்று கணக்கு எழுதும்.

*

இப்படி ஒரு நூலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கம் செய்கிறேன். ராணுவச் சொற்களுக்கு என்ன போடலாம்?
— மொழிபெயர்ப்பாளர், அரூர்

பதவிப் பெயர்களை ஜெர்மனிலேயே விடுங்கள். ‘ஓபர்கெஃப்ரைட்டர்’ என்பவரை ஆங்கிலத்தில் கார்ப்பரல் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் அதை நாயக் என்று மாற்றினால் பத்துப் பேருக்கு உத்தரவு போடுகிறவர் என்று வாசகர் நினைப்பார். அவர் சீனியர் சிப்பாய், அவ்வளவே. கம்பெனியின் மூத்த ஹவில்தார்போன்ற ‘ஷ்பீஸ்’ என்ற ஆளைச் சிப்பாய்கள் ‘கம்பெனியின் அம்மா’ என்பார்கள். இதை அப்படியே போடலாம், தமிழில் நன்றாகவே உட்காரும்.

‘கெஸல்’ என்றால் சமையல் அண்டா, போரில் நாலாபக்கமும் சூழப்பட்ட நிலை. முதல் முறை விளக்கிவிட்டுப் பிறகு முற்றுகை வளையம் என்று எழுதலாம். ‘ஹைமாட்ஷுஸ்’ ஊருக்கு அனுப்பிவைக்கும் காயம், சாகவும் கூடாது, மறுபடி போர்முனைக்கு லாயக்காகவும் கூடாது. ராணுவ போலீசுக்குக் கழுத்தில் சங்கிலித் தகடு தொங்கியதால் ‘சங்கிலி நாய்’.

கவனமாக இருக்க வேண்டிய சொல் ‘ஆர்கனிசீரன்’. ஆங்கிலத்தில் அப்பாவியாக ‘ஏற்பாடு செய்தோம்’ என்று வந்திருக்கும். சிப்பாய் வழக்கில் அது கோழியையும் பன்றியையும் ஆட்டையைப் போட்டது. அப்படியே எழுதுங்கள். ‘கொள்ளையர்’ என்ற சொல்லையும் போராளி என்று நாகரிகப்படுத்த வேண்டாம். பார்ட்டிசன் (கெரில்லாப் போராளி) என்ற சொல்லை விட்டு ‘கொள்ளையர்’ என்றே சொல்ல வேண்டும் என்று 1942இல் ஹிம்லர் உத்தரவிட்டார். முப்பது வருடம் கழித்தும் ஒருவர் அந்தச் சொல்லை விடவில்லை என்பது வாசகருக்குத் தெரியட்டும்.

*

எம்டன் கப்பல்காரர்களும் புத்தகம் எழுதினார்களாமே, நம்பலாமா? அதில் செண்பகராமன் வந்தது உண்மையா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி

எம்டன் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. அந்த நாட்களில் விடுதலை வீரர் செண்பகராமன் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழு நடத்திக்கொண்டிருந்தார். கப்பலில் வந்தார் என்பது நாம் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டது. கப்பலின் முதல் அதிகாரி ஹெல்முட் ஃபான் மூக்கே கோகோஸ் தீவில் கரையிறங்கியிருந்தபோது எம்டன் அடிபட்டது. ‘அயேஷா’ என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தன் ஆட்களோடு அரேபியா வழியாகக் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிய இரண்டு புத்தகங்களும் 1915லேயே, சண்டை நடந்துகொண்டிருந்தபோதே ஜெர்மனியில் அச்சாயின. பயணத்தின் நாள்களையும் கடல் விவரங்களையும் எடுத்துக்கொள்ளலாம். துணிச்சலைப் பற்றி எழுதும் இடங்களில், வாங்கிப் படித்தவர்கள் 1915இன் ஜெர்மானியர்கள் என்பதைச் சேர்த்துப் படியுங்கள்.